பட்டாவில் பெயர் இல்லாதவர் விவசாயி இல்லையா? குத்தகைச் சாகுபடி செய்யும் வாசகருக்கு வழக்கறிஞரின் பதில்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன். அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமாக 2 ஏக்கர் நஞ்சை இருக்கிறது; பட்டா 2021-ல் காலமான தந்தையின் பெயரிலேயே நிற்கிறது. அதோடு, சென்னையில் வசிக்கும் ஒருவருடைய 12 மா நிலத்தை, அதாவது 4 ஏக்கரை, 11 ஆண்டுகளாகக் குத்தகைக்குப் பயிரிட்டு வருகிறார். சம்பா மட்டும் விளையும் ஒரு போக நிலம் அது. எழுத்தில் எதுவும் இல்லை. மாவுக்கு ஆண்டுக்கு 60 கிலோ மூட்டை மூன்று என்று வாய்ப்பேச்சாக முடிவானது இன்றுவரை நடக்கிறது. அவரும் மனைவியும் வயலில் இறங்கி வேலை செய்கிறார்கள். ஆனால் எந்த வயலில் யார் என்ன பயிரிடுகிறார் என்று காட்டும் கிராமக் கணக்கான அடங்கல், நில உரிமையாளர் பெயரில் வாங்கப்படுகிறது. பயிர்க் காப்பீடும் அவர் பெயரில் கட்டப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த 4 ஏக்கருக்கு வந்த இழப்பீடு உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. ஆவணம் இல்லாததால் குத்தகை நிலத்து நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட முடியாமல் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளுகிறார்.

சென்ற சம்பாவில் கதிர் முற்றிய நேரத்தில் பெய்த மழையில் பயிர் சாய்ந்து முளைத்துவிட்டது. தம் 2 ஏக்கருக்குப் பிரீமியம் கட்டியிருந்தும் இழப்பீடு வரவில்லை. "நஷ்டப்பட்ட வருஷத்துக்குக் குத்தகை எதற்கு" என்று இந்த ஆண்டு குத்தகை நெல்லை அவர் அளக்கவில்லை. அதனால் கோபமடைந்த உரிமையாளர், நிலத்தை விற்கப்போவதாகவும் இனி வயலில் இறங்க வேண்டாம் என்றும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எழுத்தில் இல்லாத குத்தகைக்கு உரிமையே கிடையாதா? அரசு உதவிகள் எல்லாம் பட்டாதாரருக்கு மட்டும்தானா? அடங்கலில் என் பெயரைக் கேட்டால் இருக்கிற நிலமும் போய்விடுமா?

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதுதான் உங்கள் கடிதத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். காப்பீடு, கொள்முதல், கடன் ஆகிய மூன்றிலும் உங்களை வெளியே நிறுத்தியிருப்பது ஒரே குறைதான்: உழுகிறவர் நீங்கள் என்பதற்கு அரசுப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை உண்டாக்குவதைப் பற்றியே இந்தப் பதிலில் அதிகம் பேசப்போகிறேன். ஆனால் அதற்கு முன் அவசரமாகச் சரிசெய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது.

குத்தகை பாக்கியை நிறுத்தி வைக்காதீர்கள்

விளைச்சல் அழிந்த ஆண்டில் குத்தகை தர வேண்டியதில்லை என்று நீங்கள் எண்ணியது இயல்பானது. உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆயினும், நீங்களாகவே முடிவெடுத்து நிறுத்திக்கொள்ளும் உரிமையைச் சட்டம் உங்களுக்குத் தரவில்லை. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரை வெளியேற்றச் சில காரணங்களை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. குத்தகை பாக்கி, நிலத்துக்குச் சேதம் விளைவிப்பது, விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு நிலத்தைத் திருப்புவது, உரிமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் முதலாவதைத்தான் நீங்கள் இப்போது அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே உரிமையாளரிடம் பேசி, இழப்பைச் சொல்லித் தள்ளுபடியோ தவணையோ கேளுங்கள். அவர் இசைந்தால் அதைக் குறுஞ்செய்தியாகவாவது எழுத்தில் வாங்குங்கள். இசையாவிட்டால் தொகையை வங்கி வழியாக அனுப்பி, எந்த ஆண்டு எந்த நிலத்துக்கான குத்தகை என்பதைக் குறிப்பிடுங்கள். வாங்க மறுத்தால், நெல்லின் அன்றைய சந்தை மதிப்பை உரிமையாளர் கணக்கில் வருவாய் நீதிமன்றத்தில் செலுத்த அதே சட்டம் வழிசெய்கிறது. வழக்கு வந்த பிறகும் பாக்கியைக் கட்ட நீதிமன்றம் அவகாசம் தரலாம். எனினும் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. இதில் உங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: வங்கி வழியாகச் செலுத்தப்படும் ஒவ்வொரு குத்தகைத் தொகையும் குத்தகை உறவு இருக்கிறது என்பதற்குச் சான்றாகிவிடும்.

எழுத்தில் இல்லாத குத்தகைக்கும் உரிமை உண்டு

வாய்மொழிக் குத்தகை சட்டத்தின் முன் செல்லாது என்று உங்கள் ஊரில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. வெளிப்படையாகவோ உட்கருத்தாகவோ ஒரு குத்தகை ஒப்பந்தம் இருந்து, பிறருடைய நிலத்தில் தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்திப் பயிரிடுகிறவர் எவரும் 1955 சட்டத்தின்படி சாகுபடி செய்யும் குத்தகைதாரரே. உடலுழைப்பு என்ற சொல் இங்கே முக்கியமானது. குத்தகைக்கு எடுத்து வேறொருவருக்கு மாற்றிவிடும் இடைத்தரகருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்களும் உங்கள் மனைவியும் வயலில் இறங்கி உழைக்கிறீர்கள். அதனால் நீங்கள் இந்த வரையறைக்குள் வருகிறீர்கள். தொலைபேசியில் சொல்லி உங்களை வெளியேற்ற முடியாது. நிலம் விற்கப்பட்டாலும், வாங்குகிறவர் உங்கள் குத்தகையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டால் நிலத்தைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கான காலக்கெடு குறுகியது என்பதால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் வழக்கறிஞரை அணுக வேண்டும்.

குத்தகை அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 30 மூட்டை கண்டுமுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 9 மூட்டை குத்தகை என்றால் 30 விழுக்காடு ஆகிறது. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சாதாரண மொத்த விளைச்சலில் 25 விழுக்காட்டையே நியாயமான குத்தகையாக வைத்திருக்கிறது. இதைக் கேட்டு மனுச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. இருந்தாலும், உறவு ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பேச்சுவார்த்தையின்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோலாக அது இருக்கட்டும்.

அடங்கலும் குத்தகைப் பதிவேடும்

அடங்கல் என்பது கிராம நிர்வாக அலுவலர், வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டுதோறும் எழுதும் கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பில் என்ன பயிர் நிற்கிறது, யார் அனுபவிக்கிறார் என்பதைக் காட்டுவது அதன் வேலை. நில உரிமையைத் தீர்மானிக்கும் ஆவணம் அது அன்று. உங்கள் பெயர் அதில் ஏறினால் நிலம் உங்களுடையதாகிவிடும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். பெயர் கேட்டால் நிலம் போய்விடும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். இரண்டு அச்சமும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறந்தவை. அடங்கலில் இருக்கும் பெயர் பட்டாவை மாற்றாது. கிரயப் பத்திரத்தையும் தொடாது.

ஆனால் உரிமையாளரின் அச்சம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்வதற்கில்லை. 1952-ல் தஞ்சைக்கென்று குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து 1955, 1956 சட்டங்களும், 1969-ல் விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்தன. ஆண்டுக்காண்டு ஆள் மாற்றப்பட்டுத் தவித்த சாகுபடியாளருக்கு இவை பெரும் அரணாக நின்றன. அதே வேளையில், பதிவான குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று தெரிந்ததும், பல நில உரிமையாளர்கள் குத்தகையை எழுத்தில் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் வந்த திட்டங்களோ ஆவணத்தைப் பார்த்தே பணம் தருகின்றன. குத்தகைதாரரைக் காக்க எழுந்த சட்டமும் விவசாயிக்கு உதவ எழுந்த திட்டமும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்பதால் நடுவில் விழுந்தவர் நீங்கள். இது உங்கள் தனிப்பட்ட குறை அன்று, கொள்கையின் குறை.

ஆந்திரப் பிரதேசம் இதைச் சரிசெய்ய 2011-ல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டத்தையும், 2019-ல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டத்தையும் இயற்றியது. 2019 சட்டத்தின் கீழ் நிலத்தின்மீது எந்த உரிமையும் உண்டாகாது என்ற உறுதியோடு 11 மாத அட்டை தரப்படுகிறது. அதைக் கொண்டு கடனும் காப்பீடும் பெறலாம். ஆனால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் பலரைத் தடுத்துவிட்டது. நம் மாநிலத்தில் இப்போது பயிர் கணக்கெடுப்பு மின்னணு முறைக்கு மாறிவருகிறது. வயலில் நிற்கும் பயிரைப் பதிவதோடு நிற்காமல், அதைப் பயிரிடும் மனிதரையும், உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல், நில உரிமையைப் பாதிக்காத தனிப் பத்தியில் பதிய வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். உங்களைப் போன்றவர்கள் மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதைத் திரும்பத் திரும்ப எழுத்தில் கேட்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாகுபடி செய்பவர் என்ற முறையில் அடங்கலிலோ சாகுபடிச் சான்றிலோ உங்கள் பெயரைக் குறிப்பிடக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்குவது. அவர் மறுத்தால் வட்டாட்சியரிடமும், ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்த் தீர்வாயத்திலும் மனுக் கொடுக்கலாம். மற்றொன்று, 1969 சட்டத்தின்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்க விண்ணப்பிப்பது. இது வலுவானது, பதிவேட்டில் உள்ளது சரியானது என்றே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் கருதும். ஆனால் உரிமையாளருக்கு அறிவிப்பு போகும், விசாரணை நடக்கும், மேல்முறையீடும் வரும். அதாவது அன்று முதல் நீங்கள் இருவரும் வழக்காளிகள்.

எந்த வழியானாலும் சான்றுகள் வேண்டும். உரம் இப்போது விற்பனை முனையக் கருவியில் ஆதார் சரிபார்த்தே விற்கப்படுகிறது. உங்கள் பெயரில் உள்ள அந்த ரசீதுகள் நல்ல சான்று. விதை ரசீது, அறுவடை இயந்திர வாடகைச் சீட்டு, உரிமையாளருடன் நடந்த செய்திப் பரிமாற்றம், குத்தகை அனுப்பிய வங்கிக் குறிப்பு, பக்கத்து வயல்காரர்களின் வாக்குமூலம் ஆகிய எல்லாவற்றையும் ஆண்டு வாரியாகத் தொகுத்து வையுங்கள்.

காப்பீடு ஏன் வரவில்லை

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியது. குத்தகைதாரரும், விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரச் சாகுபடியாளரும் அதில் சேரத் தகுதியுள்ளவர்கள் என்று அதன் விதிகளே கூறுகின்றன. ஆகவே பட்டாதாரருக்கு மட்டுமே காப்பீடு என்று நீங்கள் எண்ணியது சரியன்று. விவசாயி கட்ட வேண்டிய பங்கு காரீஃப் பருவத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபி பருவத்துக்கு 1.5 விழுக்காடு, நம் சம்பாவுக்கு இந்த 1.5 விழுக்காடே பொருந்துகிறது. ஒரே புல எண்ணுக்கு ஒரே பயிரில் இருவர் பதிவுசெய்ய முடியாது என்பதால், உரிமையாளர் முந்திக்கொண்டால் உங்கள் பதிவு நிராகரிக்கப்படும். அடுத்த சம்பாவில் நடவு முடிந்தவுடன் சாகுபடிச் சான்றோடு நீங்களே பொது சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பதிவது என்பதை உரிமையாளரோடு பேசும் முதல் நிபந்தனையாக வையுங்கள். பயிரிடாதவர் பயிரிழப்புக்குப் பணம் வாங்குவது திட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்பதை அவரிடம் நிதானமாகச் சொல்லலாம். ஏற்கெனவே போன தொகையை வழக்கின் மூலம் மீட்பது, உங்கள் கையில் எந்த எழுத்தும் இல்லாத நிலையில், கடினம். இந்த ஆண்டுக் குத்தகையில் அதைக் கழிக்குமாறு பேசிப் பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது.

உங்கள் சொந்த 2 ஏக்கரின் கதை வேறு. அங்கே பதிவு சரியாக இருந்தும் பணம் வராததற்குக் காரணம், இத்திட்டம் பெரும்பாலும் தனி வயலைப் பார்ப்பதில்லை என்பதே. நெல்லுக்கு நம் மாநிலத்தில் வருவாய்க் கிராமம் ஓர் அலகு. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி விளைச்சலை, அதில் எத்தனை விழுக்காட்டுக்குக் காப்பு என்பதைக் குறிக்கும் இழப்பீட்டு நிலையால் பெருக்கி வருவதுதான் உத்தரவாத மகசூல். அந்த ஆண்டு பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைக்கும் கிராமச் சராசரி அதற்குக் கீழே போனால் மட்டுமே இழப்பீடு. உதாரணமாக உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோவாக இருந்து, கிராமச் சராசரி 800 கிலோ என்றால், எல்லோருக்கும் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு கிடைக்கும். கிராமச் சராசரி 1,050 என்றால், உங்கள் வயலில் ஒரு மணிகூட மிஞ்சாவிட்டாலும் இந்தக் கணக்கில் உங்களுக்கு எதுவும் வராது.

தனி வயல் இழப்புக்கு விலக்காகச் சில வழிகள் உண்டு. அறுத்து வயலில் பரப்பிய கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்துத் தனியாக இழப்பீடு கோரலாம். நிற்கும் நெல் வெள்ளத்தில் மூழ்குவதை 2018-ல் இந்தத் தனி வயல் பிரிவிலிருந்து நீக்கினார்கள். டெல்டாவுக்கு அது செய்த அநியாயம் பெரிது. எங்கள் பகுதியில் பயிர் அழிவதே பெரும்பாலும் நீர் தேங்கித்தான். 2026 காரீஃப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. எனவே இனி வயல் மூழ்கினால் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ வேளாண் அலுவலரிடமோ பதிவுசெய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு வேறு, பேரிடர் நிவாரணம் வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்து விதிப்படி 33 விழுக்காடும் அதற்கு மேலும் பயிர்ச் சேதமானால், பாசன நிலத்துக்கு எக்டருக்கு 17,000 ரூபாய் வீதம் தரலாம். இதற்குப் பிரீமியம் கட்டியிருக்கத் தேவையில்லை. கணக்கெடுப்புக்கு அலுவலர்கள் வரும் நாளில் குத்தகை வயலில் நீங்கள் நேரில் நின்று, பயிரிட்டவர் யார் என்பதை எழுதச் சொல்லுங்கள்.

தந்தை பெயரில் நிற்கும் 2 ஏக்கர்

அக்காவுக்குச் சீர்வரிசை செய்தாகிவிட்டதால் பட்டாவை உங்கள் ஒருவர் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். உயில் எழுதாமல் தந்தை காலமாகியிருந்தால், உங்கள் தாயார், அக்கா, நீங்கள் ஆகிய மூவரும் அவருடைய சொத்தில் சம பங்குதாரர்கள். சீர் செய்ததால் அந்தப் பங்கு அற்றுப்போவதில்லை. வாரிசுச் சான்றிதழ் பெற்று முதலில் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள். பிறகு அக்கா மனமுவந்து விட்டுத்தர விரும்பினால் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். வாரிசை மறைத்து வாங்கும் பட்டா பின்னாளில் ரத்தாகும். அதோடு உடன்பிறந்தவளின் நம்பிக்கையும் போகும்.

பிரதமரின் கிசான் சம்மான் நிதி ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருவது நில உடைமை உள்ள குடும்பத்துக்கு மட்டுமே. குத்தகை நிலத்தைக் காட்டி அதைப் பெற முடியாது. நில உடைமைக்கு 2019 பிப்ரவரி 1 என்ற தேதி வரம்பு இருந்தாலும், உடைமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அது தடையன்று. ஆகவே பட்டா மாறிய பின் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் தந்தை இறந்த பிறகு அவர் கணக்கில் வந்த இரண்டு தவணைகளை, அதாவது 4,000 ரூபாயை, அட்டை மூலம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு உரிய பணம் அன்று. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இறப்பைத் தெரிவித்து, தொகையைத் திருப்பிச் செலுத்தி ரசீது வாங்கிய பின்பே உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணும் நில ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டே தரப்படுவதால், பட்டா வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

கடனும் கொள்முதலும்

உழவர் கடன் அட்டைக்கு வாய்மொழிக் குத்தகைதாரரும் தகுதியுள்ளவர் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறையிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தினால், பயிர்க்கடனுக்கு வட்டியை அரசே ஏற்கிறது. தனியாகக் கேட்டு மறுக்கப்பட்டால், உங்களைப் போன்ற நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியை அணுகலாம்.

கொள்முதல் நிலையத்திலும் உங்களுக்குத் தடையாக இருப்பது சாகுபடிச் சான்று இல்லாததுதான். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். வியாபாரி உங்களுக்குத் தந்த விலையை இதோடு ஒப்பிட்டால், ஒரு சான்று இல்லாததால் ஆண்டுதோறும் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பது நீங்களே கணக்கிடக்கூடியது.

உரிமையாளரிடம் என்ன பேசுவது

பேச்சு, பதிவேட்டு விண்ணப்பம் ஆகிய இரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பார்க்கும்போது, உங்கள் நிலையில் நான் முதலில் பேச்சையே தேர்ந்தெடுப்பேன். பாக்கியைக் கட்டிய பிறகு, அவருக்கு நம்பிக்கையான ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மூன்றே கோரிக்கைகளை வையுங்கள்: சாகுபடிச் சான்று உங்கள் பெயரில், காப்பீடு உங்கள் பெயரில், குத்தகை வங்கி வழியாக. பட்டாவும் உரிமையும் அவருடையவை என்பதை நீங்களே எழுதிக் கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, அதனால் உங்கள் குத்தகை உரிமை எதுவும் குறையாது. அவர் இசைந்தால் குத்தகைச் சீட்டை மூன்று பிரதிகளாக எழுதி, ஒன்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் சேருங்கள்.

அவர் மறுத்து, வேறொருவரை வயலில் இறக்க முயன்றால், 1969 சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வழக்குச் செலவுக்கு அஞ்சினால், வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். தகுதி இருந்தால் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பேச்சின் நடுவே முத்திரைத்தாள் ஒன்றை நீட்டி, "நான் குத்தகைதாரர் அல்ல, கூலிக்கு வேலை பார்க்கிறேன்" என்றோ, "எந்த நேரமும் நிலத்தை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்றோ கையெழுத்துக் கேட்டால், அதை வீட்டுக்கு எடுத்துச்சென்று படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் பேனாவை எடுக்காதீர்கள்.